உள்ளூர் டி.வி. கண்ட்ரோல் ரூம்: கருவிகளும் பொறுப்பும்



உள்ளூர் டி.வி. நிலையம் ஒன்றின் கண்ட்ரோல் ரூமில் என்னென்ன கருவிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது என்பதை இந்த இதழின் தொழிலறிவுப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, நம் பிள்ளைகளின் படிப்பு. பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் பலர் விஷுவல் கம்யூனிகேஷன், வீடியோ எடிட்டிங் என்று கேட்கிறார்கள். அந்தத் தொழிலில் உண்மையில் என்ன வேலை என்பது வீட்டுப் பெரியவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. தெரியாத காரணத்தால் சிலர் எடுத்த எடுப்பிலேயே வேண்டாம் என்கிறோம். சிலர் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, கேட்ட கட்டணத்தைக் கட்டிவிடுகிறோம். இரண்டுமே பிள்ளைக்கு நல்லதல்ல.

இரண்டாவது, பொதுப்பணம். மஹல்லாவிலும், பள்ளிக்கூடத்திலும், நலச் சங்கங்களிலும் "நமக்கென்று ஒரு சேனல் இருந்தால் என்ன? நிகழ்ச்சிகளை நேரலையாகக் கொடுத்தால் என்ன?" என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் அதற்கு வாங்கும் ஒவ்வொரு கருவியும் நன்கொடையாளர் தந்த பணத்தில் வாங்குவது. அது அமானிதம். எது அவசியம், எது ஆடம்பரம் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல் அதைச் செலவு செய்யக் கூடாது.

சேலம் இந்தத் தொழிலுக்குப் புதிய ஊர் அல்ல. டி.ஆர். சுந்தரம் அவர்கள் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் ஏற்காடு சாலையில்தான் இயங்கியது. அதன் நுழைவு வளைவை இன்றும் அந்தச் சாலையில் காணலாம். 1956-இல் வெளிவந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' என்ற வண்ணப் படமும், 1961-இல் வெளிவந்த மலையாளத்தின் முதல் வண்ணப் படமான 'கண்டம் பெச்ச கோட்டு' என்ற படமும் அந்த நிறுவனத்தின் தயாரிப்புகளே. பிற்காலத்தில் உள்ளூர்க் கேபிள் சேனலாக சேலத்தில் தொடங்கிய பாலிமர், மாநிலம் முழுவதும் பார்க்கும் தொலைக்காட்சியாக வளர்ந்தது. ஆகவே ஃபேர்லேண்ட்ஸிலோ, அழகாபுரத்திலோ, கோட்டையிலோ உள்ள ஒரு பிள்ளை இந்தத் தொழிலைக் கற்க நினைப்பது எட்டாத ஆசை அல்ல.

கேடா மாவட்டம் தரும் பாடம்

கருவிகளுக்குள் போகும் முன், சமுதாயத் தொலைக்காட்சி என்றால் என்ன என்று தெரிந்துகொள்வோம். வியாபாரத்துக்காக இல்லாமல், ஒரு பகுதி மக்களின் தேவைக்காக, அந்த மக்களையே பங்குபெறச் செய்து நடத்துவதே சமுதாயத் தொலைக்காட்சி.

நம் நாட்டில் இதற்குச் சிறந்த முன்மாதிரி குஜராத்தின் கேடா மாவட்டம். 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் வழியாக, ஆறு மாநிலங்களின் சுமார் 2,400 கிராமங்களுக்குக் கல்வி, விவசாய, சுகாதார நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. அதே 1975-இல்தான் கேடா மாவட்டத்துக்காக பிஜ் என்ற கிராமத்தில் ஒரு சிறிய ஒளிபரப்புக் கோபுரமும் இயங்கத் தொடங்கியது. அகமதாபாத்தில் இருந்த இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தினர் அதற்கான நிகழ்ச்சிகளைத் தயாரித்தார்கள். கிராமங்களில் பொது இடங்களில் டி.வி. பெட்டிகள் வைக்கப்பட்டன. மாலையில் ஊரே கூடிப் பார்த்தது.

அங்கே கருவிகள் மிகச் சாதாரணமானவை. ஆனால் நிகழ்ச்சி தயாரிக்கும் முன் கிராமத்துக்குப் போய் மக்களிடம் கேட்டார்கள். தோளில் தூக்கிச் செல்லும் வீடியோ கருவிகளோடு போய் அவர்களையே பேச வைத்தார்கள். கூலி, தீண்டாமை, வரதட்சணை போன்ற, பேசத் தயங்கும் விஷயங்களையும் பேசினார்கள். அந்தத் திட்டத்துக்கு 1980-களின் நடுவில் கிராமியத் தகவல் தொடர்புக்கான யுனெஸ்கோ பரிசு கிடைத்தது. கருவி எளியதாக இருந்தாலும், யாருக்காக, எதற்காக என்ற தெளிவு இருந்தால் வேலை சிறக்கும் என்பதற்கு அதுவே சான்று.

அமெரிக்காவில் 1972-இல் வந்த ஒரு விதி, பெரிய நகரங்களின் கேபிள் நிறுவனங்கள் பொதுமக்களுக்கென ஒரு சேனலை ஒதுக்க வேண்டும் என்றது. 1979-இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. பின்பு 1984-ஆம் ஆண்டின் கேபிள் சட்டம், அப்படிக் கேட்டுப் பெறும் அதிகாரத்தை அந்தந்த ஊராட்சிகளுக்குத் தந்தது. இதன் பயனாகப் பல ஊர்களில் பொது ஸ்டுடியோக்கள் உருவாயின. பகுதி மக்கள் யார் வேண்டுமானாலும் பயிற்சி பெற்று அங்கே போய் நிகழ்ச்சி செய்யலாம். "முதலில் பயிற்சி, பிறகுதான் கருவி" என்ற அந்த ஸ்டுடியோக்களின் நடைமுறை நாமும் பின்பற்றத் தக்கது.

கண்ட்ரோல் ரூம் என்பது எது?

ஸ்டுடியோவில் இரண்டு அறைகள் இருக்கும். ஒன்றில் விளக்குகள், கேமராக்கள், பேசுபவர்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கமோ, சுவருக்கு அப்பாலோ இருக்கும் மற்றொன்று கண்ட்ரோல் ரூம். எல்லாக் கேமராக்களின் படமும், எல்லா மைக்குகளின் ஒலியும் இங்கே வந்து சேரும். அவற்றில் எது வெளியே போக வேண்டும் என்று இங்கே முடிவாகும். கல்யாண மண்டபத்தில் மேடைக்குப் பக்கத்தில் மேஜை போட்டு, நாலைந்து திரைகளை வைத்துக்கொண்டு 'மிக்ஸிங்' செய்பவரைப் பார்த்திருப்பீர்கள். அவர் செய்வதும் இதே வேலைதான். டி.வி. நிலையத்தில் அதை ஒரு குழுவாகச் செய்கிறார்கள்.

அந்தக் குழுவில் நிகழ்ச்சியை நடத்தும் டைரக்டர், மிக்ஸரை இயக்குபவர், ஒலியைக் கவனிப்பவர், எழுத்து போடுபவர், படத்தின் தரத்தைக் கவனிக்கும் இன்ஜினியர் என்று ஐந்து பேராவது இருப்பார்கள். சிறிய நிலையத்தில் ஒருவரே இரண்டு வேலையைச் செய்வதுண்டு. ஆனால் ஒலிக்கென்று தனியாக ஓர் ஆள் இருப்பது நல்லது. காரணத்தைப் பின்னால் பார்ப்போம்.

படம் வரும் பாதை

1. கேமராவும் அதன் கட்டுப்பாடும். நம் நாட்டு டி.வி. வினாடிக்கு 25 படங்கள் என்ற கணக்கில் இயங்குகிறது. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எனவே கேமராவின் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வைக்க வேண்டும். 1/60 என்று வைத்தால் சில விளக்குகளின் கீழ் படம் மினுமினுக்கும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் கேமராக்களில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பெரிய நிலையங்களில் கேமராவின் வெளிச்சத்தையும் நிறத்தையும் கேமராமேன் மாற்ற மாட்டார். கண்ட்ரோல் ரூமில் இருக்கும் கேமரா கண்ட்ரோல் யூனிட் என்ற பெட்டியின் மூலம் இன்ஜினியர் மாற்றுவார். மூன்று கேமராக்களிலும் ஒரே முகம் ஒரே நிறத்தில் தெரிய வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் இது. ஒவ்வொரு கேமராவின் முன்னும் வெள்ளைத் தாளைக் காட்டி 'ஒயிட் பேலன்ஸ்' சரிசெய்வது நிகழ்ச்சிக்கு முந்தைய முதல் வேலை.

நம் நிகழ்ச்சிகளில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி அணிந்தவரும், கறுப்பு புர்கா அணிந்தவரும் ஒரே படத்தில் வருவார்கள். கேமராவை 'ஆட்டோ'வில் விட்டால், வெள்ளை அதிகமானவுடன் அது படத்தை இருட்டாக்கும், முகம் கறுத்துவிடும். கறுப்பு அதிகமானால் படத்தை வெளிச்சமாக்கும். வெள்ளைத் துணி வெளுத்துப்போய் மடிப்பே தெரியாது. இதற்குத் தீர்வு, ஆட்டோவை நிறுத்திவிட்டு முகத்தைப் பார்த்து வெளிச்சத்தை அமைப்பது. வேவ்ஃபார்ம் மானிட்டர் என்ற கருவி படத்தின் வெளிச்சத்தை 0 முதல் 100 வரை கோடாகக் காட்டும். வெள்ளைத் துணி 100-ஐத் தாண்டாமலும், முகம் நடுப்பகுதிக்கு மேலும் இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். கண் களைத்துப் போகும். அந்தக் கோடு களைத்துப் போகாது.

2. கேபிள். கேமராவிலிருந்து படம் வர இரண்டு வகைக் கேபிள்கள் உண்டு. வீட்டு டி.வி.க்குப் பயன்படும் ஹெச்.டி.எம்.ஐ. விலை குறைவு. ஆனால் 10, 15 மீட்டருக்கு மேல் போனால் நம்ப முடியாது. லேசாக இழுத்தாலும் கழன்றுவிடும். எஸ்.டி.ஐ. என்பது 75 ஓம் கோஆக்சியல் கேபிளில் போவது. திருகிப் பூட்டும் முனை கொண்டது. தரமான கேபிளாக இருந்தால் ஹெச்.டி. படத்தைச் சுமார் 100 மீட்டர் வரை கொண்டுபோகும். பெரிய மண்டபத்தில் நேரலை செய்ய நினைப்பவர்கள் இந்த ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டாலே பாதிச் சங்கடம் குறையும். ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் ஒரே எண்ணை எழுதி ஒட்டுங்கள். செலவில்லாத இந்த வேலையைச் செய்யாததால்தான் அவசர நேரத்தில் மேஜைக்கு அடியில் தவழ வேண்டி வருகிறது.

3. விஷன் மிக்ஸர். இதைச் சுவிட்ச்சர் என்றும் சொல்வார்கள். இதில் இரண்டு வரிசைப் பட்டன்கள் இருக்கும். மேல் வரிசையோ கீழ் வரிசையோ, கம்பெனிக்குக் கம்பெனி மாறும், வேலை ஒன்றே. ஒரு வரிசை 'புரோகிராம்': இப்போது மக்கள் பார்த்துக்கொண்டிருக்கும் படம். பட்டன் சிவப்பாக எரியும். மற்றது 'பிரிவியூ': அடுத்து வரப்போகும் படம். பட்டன் பச்சையாக எரியும். முதலில் பிரிவியூவில் பார்த்து, சரியாக இருக்கிறதா என்று உறுதி செய்து, அதன்பிறகு 'கட்' பட்டனை அழுத்தினால் அது வெளியே போகும். மெதுவாக ஒரு படத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற, கைப்பிடி போன்ற 'டி-பார்' இருக்கும். எல்லாவற்றையும் இருட்டாக்க ஒரு பட்டன் தனியே உண்டு.

பயிற்சி இல்லாதவர்கள் பிரிவியூவைப் பார்க்காமல் நேராகப் புரோகிராம் பட்டனை அழுத்துவார்கள். அப்போதுதான் தரையைக் காட்டும் கேமரா, மூக்கைத் துடைக்கும் விருந்தினர், உணவு உண்ணும் வரிசை எல்லாம் வெளியே போகின்றன. இந்தத் தொழிலின் முதல் ஒழுக்கம் 'பார்த்துவிட்டு அனுப்பு' என்பதே.

பழைய காலத்தில் எல்லாக் கேமராக்களும் ஒரே தாளத்தில் ஓட, சிங்க் ஜெனரேட்டர் என்ற கருவி தேவைப்பட்டது. இல்லாவிட்டால் மாற்றும்போது படம் குதிக்கும். இப்போது வரும் சிறிய மிக்ஸர்களில் அந்த வேலையைச் செய்யும் பகுதி உள்ளேயே இருக்கிறது. எனவே அதைத் தனியாக வாங்கச் சொல்லும் பட்டியல் வந்தால், ஏன் என்று கேளுங்கள்.

4. மானிட்டர்கள். எல்லாக் கேமராக்களையும் ஒரே பெரிய திரையில் கட்டம் கட்டமாகக் காட்டுவதை 'மல்டிவியூ' என்பார்கள். ஒரு கேமராவுக்கு ஒரு டி.வி. என்று வாங்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை. ஒரு மல்டிவியூ திரை, நிறத்தைச் சரிபார்க்க ஒரு தரமான திரை, மக்கள் வீட்டில் எப்படித் தெரிகிறது என்று பார்க்க ஒரு சாதாரண டி.வி. ஆகிய மூன்றும் போதும்.

ஒலியை மறக்க வேண்டாம்

படம் சற்று மங்கினாலும் மக்கள் பார்ப்பார்கள். பேச்சு புரியாவிட்டால் சேனலை மாற்றிவிடுவார்கள். ஆனாலும் நன்கொடை வந்தவுடன் எல்லோரும் முதலில் விலை கேட்பது கேமராவுக்குத்தான்.

மைக்குகளின் ஒலி, மூன்று முனை கொண்ட எக்ஸ்.எல்.ஆர். கேபிள் வழியாக ஆடியோ மிக்ஸருக்கு வரும். இந்த வகைக் கேபிள் வெளி இரைச்சலைத் தானே கழித்துவிடும்படி அமைந்தது. சட்டையில் குத்தும் சில மைக்குகளுக்கும், கண்டென்சர் மைக்குகளுக்கும் மிக்ஸரிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் போக வேண்டும். அதற்கென ஒரு பட்டன் உண்டு. கையில் பிடிக்கும் சாதாரண டைனமிக் மைக்குக்கு அது தேவையில்லை.

டிஜிட்டல் கருவிகளில் ஒலியளவு 0 என்ற கோட்டைத் தொட்டால் குரல் கிழிந்துவிடும். பின்னால் எந்த எடிட்டராலும் அதைத் தைக்க முடியாது. சாதாரணப் பேச்சு மைனஸ் 20 அளவிலும், உரத்த இடம் மைனஸ் 10 அளவிலும் இருந்தால் பாதுகாப்பு. பேச்சாளர் மெதுவாகத் தொடங்கி, உணர்ச்சி வந்ததும் குரலை உயர்த்துவது வழக்கம். ஆகவேதான் ஒலிக்கென்று ஓர் ஆள், காதில் ஹெட்போனுடன், கையை ஃபேடரிலேயே வைத்திருக்க வேண்டும் என்றோம்.

மண்டபங்களில் எதிரொலி அதிகம். ஸ்பீக்கர் முன்னால் மைக் வைத்து ஒலியை எடுத்தால் கிணற்றுக்குள் பேசுவதுபோல் இருக்கும். மண்டபத்து மைக்செட்காரரிடம் அவருடைய மிக்ஸரிலிருந்து நேராக ஒரு லைன் கேட்டு வாங்குங்கள். அவர் கேட்காமல் கொடுக்க மாட்டார். கேட்டால் மறுக்கவும் மாட்டார்.

இன்னொரு நுட்பம். டிஜிட்டல் மிக்ஸருக்குள் படம் போய் வெளியே வர ஓரிரு ஃபிரேம் தாமதமாகும். ஒரு ஃபிரேம் என்பது வினாடியில் 25-இல் ஒரு பங்கு, அதாவது 40 மில்லி வினாடி. இரண்டு ஃபிரேம் என்றால் 80. ஒலி தாமதமின்றி வந்துவிடுவதால் உதடு அசைவதற்கு முன்பே சொல் கேட்கும். ஒலி சுமார் 45 மில்லி வினாடி முந்தினாலே பார்ப்பவர்கள் உணர்ந்துவிடுவார்கள். ஆனால் சுமார் 125 வரை பிந்தினால்தான் தெரியும் என்பது சர்வதேச அமைப்புகள் வகுத்த கணக்கு. தூரத்தில் துணி துவைப்பவரைப் பார்த்தால் அடி முதலில் தெரிந்து, சத்தம் பிறகு கேட்கிறது. நம் கண்ணும் காதும் அதற்குப் பழகியவை. ஆகவே ஆடியோ மிக்ஸரில் 'டிலே' என்ற வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

அறைக்கும் ஸ்டுடியோவுக்கும் பேச்சு

கேமராமேனுக்கும் டைரக்டருக்கும் இடையே 'டாக்பேக்' என்ற ஹெட்செட் தொடர்பு இருக்கும். "இரண்டு ரெடி... இரண்டு டேக்" என்று டைரக்டர் சொல்வது எல்லோர் காதிலும் விழும். கேமராவின் மேல் 'டேலி' என்ற சிறு விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிந்தால் அந்தக் கேமரா வெளியே போகிறது, அசைக்கக் கூடாது. இந்த இரண்டும் இல்லாத குழு கையசைத்தும் கத்தியும்தான் வேலை செய்ய வேண்டியிருக்கும். கேமரா மூன்றை வாங்குவதற்குப் பதில் இரண்டை வாங்கி, மிச்சப் பணத்தில் டாக்பேக் வாங்குவது அறிவுடைமை.

எழுத்து

பேசுபவரின் பெயரைத் திரையின் கீழே போடுவது கேரக்டர் ஜெனரேட்டர் என்ற கருவி. இன்று ஒரு கம்ப்யூட்டரே அந்த வேலையைச் செய்கிறது. எழுத்தைத் திரையின் ஓரத்தில் ஒட்டிப் போடக் கூடாது. பழைய டி.வி.க்களில் ஓரம் வெட்டுப்படும் என்பதால், நடுவில் உள்ள 80 சதவீதப் பரப்புக்குள் எழுத்தை அடக்குவது நீண்ட கால வழக்கம். சில மென்பொருள்களில் தமிழ் எழுத்து உடைந்து, கொம்பும் காலும் இடம் மாறித் தெரியும். யுனிகோட் தமிழ் ஒழுங்காக வருகிறதா என்று, 'கொள்கை', 'ஸ்ரீ', 'ஹஜ்ஜுப் பெருநாள்' போன்ற சொற்களை அடித்துப் பார்த்த பிறகே வாங்குங்கள்.

நம் பெயர்களை முஹம்மது, முகமது, மொஹமத் என்று ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக எழுதுகிறார்கள். நாமாக ஊகிக்காமல், பேசுபவரிடமே ஒரு தாளில் அவர் கைப்பட எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பெயரைச் சரியாக எழுதுவது ஒருவருக்குச் செய்யும் முதல் மரியாதை.

பதிவும் ஒளிபரப்பும்

மிக்ஸரிலிருந்து வெளிவரும் படம் இரண்டு இடங்களுக்குப் போகும். ஒன்று ரெக்கார்டர். வினாடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 22.5 ஜி.பி. பிடிக்கும். மூன்று மணி நேர நிகழ்ச்சிக்கு 67.5 ஜி.பி. எனவே 64 ஜி.பி. கார்டு போதாது. நிகழ்ச்சி முடிந்த அன்றே இரண்டு தனித்தனி டிஸ்க்குகளில் நகல் எடுத்து, இரண்டையும் வெவ்வேறு இடத்தில் வைக்க வேண்டும்.

மற்றொன்று என்கோடர். அது படத்தைச் சுருக்கி, கேபிள் நிறுவனத்தின் ஹெட்-எண்டுக்கோ, இணையத்துக்கோ அனுப்பும். இணைய நேரலைக்கு 5 மெகாபிட் வேகத்தில் அனுப்ப நினைத்தால், 'அப்லோடு' வேகம் அதைப்போல் இரு மடங்காவது இருக்க வேண்டும். பிராட்பேண்ட் விளம்பரத்தில் சொல்லும் வேகம் பெரும்பாலும் 'டவுன்லோடு' வேகம் என்பதை நினைவில் வையுங்கள்.

மின்சாரமும் வெயிலும்

கண்ட்ரோல் ரூமில் யு.பி.எஸ். ஆடம்பரம் அல்ல. அரை வினாடி மின்சாரம் போனாலும் மிக்ஸரும் கம்ப்யூட்டரும் மறுபடி எழுந்து நிற்கச் சில நிமிடங்கள் ஆகும். கணக்கு எளியது. உதாரணமாக மிக்ஸர் 40 வாட், மூன்று கேமராக்கள் 60, இரண்டு திரைகள் 80, கம்ப்யூட்டர் 300, ஆடியோ 40, என்கோடரும் ரெக்கார்டரும் 30 என்று வைத்தால் மொத்தம் 550 வாட். இதற்கு 1 கே.வி.ஏ. யு.பி.எஸ். பொருந்தும். எத்தனை நிமிடம் தாங்கும் என்பது பேட்டரியைப் பொறுத்தது. அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏ.சி.யை ஒருபோதும் அதில் மாட்டாதீர்கள்.

ஸ்பீக்கரில் 'உம்ம்ம்' என்ற இரைச்சல் வந்தால் சிலர் மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை வெட்டிவிடுகிறார்கள். இரைச்சல் நின்றுவிடும்; ஆனால் கருவியின் உடலில் மின்சாரம் கசிந்தால் தொடுபவரின் உயிருக்கே ஆபத்து. எல்லாக் கருவிகளையும் ஒரே எர்த்தில் இணைப்பதும், ஆடியோ லைனில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுவதும்தான் சரியான வழி. நம் ஊர் சித்திரை, வைகாசி வெயிலில் கருவி அறைக்குக் காற்றோட்டமும் தூசி வடிகட்டியும் கட்டாயம்.

சட்டம் என்ன சொல்கிறது?

அலைவரிசை பொதுச் சொத்து என்று 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின் சமுதாய வானொலிக்கு வழி பிறந்தது. 2004-இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் அது தொடங்கியது. 2006 முதல் தொண்டு நிறுவனங்களும் விண்ணப்பிக்கலாம் என்றாயிற்று. ஆனால் சமுதாயத் தொலைக்காட்சிக்கு அப்படி ஒரு தனி உரிமம் நம் நாட்டில் இல்லை. உள்ளூர் சேனல் என்றால் பதிவு பெற்ற கேபிள் நிறுவனத்தின் வழியாகத்தான் போக வேண்டும். 1995-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சிச் சட்டமும், அதன் நிகழ்ச்சி விதிகளும் அதற்குப் பொருந்தும். எந்த மதத்தையும் சமூகத்தையும் இழிவுபடுத்தும் காட்சியோ சொல்லோ கூடாது என்பது அந்த விதிகளில் ஒன்று. சட்டத்தை மீறினால் கருவிகளைப் பறிமுதல் செய்யும் அதிகாரமும் அதில் உண்டு. சினிமாப் பாடலைப் பின்னணியில் போடுவது பதிப்புரிமைப் பிரச்சினை என்பதையும் மறக்க வேண்டாம்.

பட்டனைத் தொடும் விரல்

இதுவரை சொன்னவை எல்லாம் கருவி. இனிச் சொல்வது அந்தக் கருவியின் முன் அமர்ந்திருப்பவரின் பொறுப்பு.

நலத்திட்ட உதவி வழங்கும் நிகழ்ச்சிகளை நினைத்துப் பாருங்கள். தையல் இயந்திரம் பெறும் விதவைத் தாய், படிப்புக்குக் காசோலை பெறும் அநாதைப் பிள்ளை, மருத்துவ உதவி பெறும் முதியவர். கேமரா அவர்கள் முகத்தை நெருங்குகிறது. மிக்ஸர் முன் இருப்பவர் ஒரு பட்டனை அழுத்தினால் அந்த முகம் தெரு முழுதும், உறவு முழுதும், பள்ளி முழுதும் போய்ச் சேரும். நாளை அந்தப் பிள்ளை வகுப்பில் அமரும்போது பக்கத்துப் பிள்ளைக்கும் அது தெரிந்திருக்கும். வாங்கும் கையின் மானத்தைக் காப்பது கொடுப்பவரின் கடமை என்று நாம் பேசுகிறோம். அந்தக் கடமை கண்ட்ரோல் ரூமுக்கும் உண்டு.

இதில் சட்டமும் இருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் ஆகியவற்றை அடையாளம் தெரியும்படி ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்கிறது.

செய்ய வேண்டியது கடினமல்ல. உதவி பெறுபவர்களின் முதுகுப் பக்கம் கேமராவை வையுங்கள். கொடுப்பவரின் கையையும் பொருளையும் மட்டும் காட்டுங்கள். பெண்கள் பகுதியைக் காட்டுவதாயின் முன்கூட்டியே அவர்களிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் அந்தப் பக்கம் கேமராவே வேண்டாம். அவசரத்துக்கு, எழுத்து மட்டும் உள்ள ஒரு நிலைப்படத்தை மிக்ஸரின் ஒரு பட்டனில் எப்போதும் தயாராக வையுங்கள். யாராவது மயங்கி விழுந்தாலோ, சண்டை மூண்டாலோ அந்த ஒரு பட்டன் போதும். நேரலையில் போனதைத் திரும்ப அழைக்க எந்தக் கருவியும் கண்டுபிடிக்கப்படவில்லை.

வாங்கும் வரிசை

பொதுப்பணத்தில் தொடங்குபவர்களுக்கு நாம் பரிந்துரைக்கும் வரிசை இது.

முதலில் ஆட்களுக்குப் பயிற்சி. இரண்டாவது மின்சாரமும் எர்த்தும். மூன்றாவது மைக், ஆடியோ மிக்ஸர். நான்காவது விளக்குகள். ஐந்தாவது நான்கு இணைப்புள்ள ஒரு சிறிய விஷன் மிக்ஸர், டாக்பேக். கடைசியாகத்தான் கேமரா. தொடக்கத்தில் கேமராவை வாடகைக்கு எடுத்தாலும் போதும். கேமரா மாடல் மாறிக்கொண்டே இருக்கும். நல்ல மைக் பல வருடம் உழைக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்கி, சேலத்திலேயே சர்வீஸ் உண்டா என்று கேட்டு, இருப்புப் பதிவேட்டில் வரிசை எண்ணோடு எழுதி வைக்க வேண்டும். யார் எடுத்துச் சென்றார், எப்போது திருப்பினார் என்ற கையெழுத்தும் வேண்டும். யாருக்கும் சொந்தமில்லாத கருவி எல்லோராலும் கெடும்.

பெற்றோர்களுக்கு

பிள்ளையைச் சேர்க்கப் போகும் நிறுவனத்தில் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். கண்ட்ரோல் ரூமைக் காட்டுவீர்களா? வாரத்தில் எத்தனை மணி நேரம் மாணவர் தம் கையால் கருவியைத் தொடுவார்? ஒலிப் பயிற்சி தனியாக உண்டா? மாணவர்கள் செய்த நிகழ்ச்சி ஒன்றைக் காட்ட முடியுமா? பூட்டிய அறையில் பளபளக்கும் கருவியைக் காட்டி வாங்கும் கட்டணத்தைவிட, தேய்ந்த பட்டன்கள் உள்ள பழைய மிக்ஸரில் தரும் பயிற்சி மேல்.

பெண் பிள்ளைகளுக்கும் இது ஏற்ற துறை. திரைக்கு முன் வர விருப்பம் இல்லாதவர் மிக்ஸர், ஒலி, எழுத்து, எடிட்டிங் ஆகிய எதையும் திரைக்குப் பின்னிருந்தே செய்யலாம்.

வீட்டில் செய்து பாருங்கள்

1. டி.வி. செய்தியை ஒலியை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். எத்தனை முறை படம் மாறியது? ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் இருந்ததா?

2. அடுத்த ஐந்து நிமிடம் திரைக்கு முதுகைக் காட்டி அமர்ந்து கேட்டு மட்டும் பாருங்கள். எதில் அதிகம் புரிந்தது?

3. வினாடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் இரண்டரை மணி நேரம் பதிவு செய்ய எத்தனை ஜி.பி. தேவை?

4. புரோகிராம், பிரிவியூ இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? தம்பி, தங்கைக்குச் சொல்லிக் கொடுங்கள்.

5. நம் பகுதிக்கு ஒரு மணி நேர நிகழ்ச்சி கிடைத்தால், எந்தப் பிரச்சினையைப் பேசச் சொல்வீர்கள்? குடும்பத்தோடு கலந்து பேசி, ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

கேடாவில் வேலை தொடங்கியது அந்த ஐந்தாவது கேள்வியிலிருந்துதான். அதற்குப் பதில் தெரிந்துவிட்டால், எந்தக் கருவியை வாங்குவது என்பது கடினமாக இராது.